என் ஆட்கள் ஓடவில்லை

மலைக்கு மேலே அணை வேலை நடந்த காலத்தில் நான் கங்காணி. பண்ணைப்புரத்துச் சுற்றுவட்டாரத்தில் நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, கூடலூர் வழியாகக் கணவாய் ஏறினேன். மேலே குளிர்காய்ச்சல். ஒரு குடிசையில் சாவு விழுந்தால் மறுநாள் பத்து பேரைக் காணோம். மற்றக் கங்காணிகள் பாதையில் காவல் போட்டார்கள், பிடிபட்டவனை அடித்தார்கள். காவல் கூடக் கூட ஓட்டமும் கூடியது. எனக்குச் சிரிப்பு வரும். மாடு மேய்க்கிற புத்தியை வைத்துக்கொண்டு மனுஷனை மேய்க்கிறார்களே என்று.

நான் நேர்மாறாகச் செய்தேன். முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்து, "போகணும்னு தோணுச்சுன்னா ஒளிய வேண்டாம். எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க. கட்டுச்சோறு நானே குடுத்து அனுப்புறேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் பயணம் போகிறவருக்குக் கட்டுச்சோறு கொடுப்பது பெரிய மரியாதை. கூட இருப்பவர்கள் எல்லாரும் எழுந்து வந்து, கொஞ்ச தூரம் நடந்து வழியனுப்புவோம். சுண்ணாம்புக் கூடையோடு நிற்கிற முப்பத்தொன்பது பேர் முன்னால் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு எவன் மலை இறங்குவான்? தடுத்தால் ஓடுவான், வழியனுப்பினால் கூசுவான். நான் நினைத்தது தப்பவில்லை. ஒருவரும் போகவில்லை. மற்றக் கங்காணிகள் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

இரண்டாம் வருஷத்து மழையில் அந்த நாற்பது பேரில் ஒருவரான என் தங்கை புருஷனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மச்சான், ஒடம்பு தாங்கல. வீட்டுக்குப் போயி நாலு நாள் படுத்துட்டு வாறேன்."

கையைப் பிடித்து நானே கூட்டிப்போயிருக்கலாம். செய்யவில்லை. சொந்தக்காரனுக்கு மட்டும் தனி நியாயமா என்று பேச்சு வந்துவிடுமே. உரக்கக் கூப்பிட்டேன்.

"ஏலே, மாப்ள ஊருக்குப் போறாராம். சோத்தக் கட்டுங்க. எல்லாரும் வாங்க."

அவர் போகமாட்டார் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். எல்லாரும் வந்து நின்றார்கள். அதில் இரண்டு பேருக்கு அவரைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்தார். "நாளைக்குப் பாத்துக்கிருவோம்" என்று கூடையை எடுத்தார். ஒன்பதாம் நாள் செத்துப்போனார்.

செய்தி சொல்ல நான்தான் இறங்கினேன். தங்கை அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"வீட்டுக்கு வாறேன்னு சொன்னாகளா? நீங்க தடுத்தீகளா அண்ணே?"

"சொன்னாரு. நான் தடுக்கல ஆத்தா."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் நம்பினாள். "அவுக பிடிவாதம் தெரிஞ்சதுதேன். நீங்க என்ன செய்வீக" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம்.

திரும்ப மலையேறும்போது ஒரே நினைப்புதான். மிச்சப் பேரையாவது கீழே அனுப்பிவிட வேண்டும். எல்லாரும் இறங்குங்கள் என்றேன். துக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டுப் போவதா என்று யாரும் அசையவில்லை. பயந்தாவது ஓடட்டும் என்று பாதையில் காவல் போட்டேன். வாயில் வந்தபடி ஏசினேன். கடைசியில் கூடையைத் தாமதமாகத் தூக்கினான் என்று ஒருவனைக் கம்பால் அடித்தேன். மற்றக் கங்காணிகளிடமிருந்து ஓடினார்களே, அந்த ஓட்டம் என்னிடம் நடக்கவில்லை. அடிவாங்கியவன் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வீட்டுத் துக்கம், கோபம் வரத்தேன் செய்யும். ஒங்கள இங்கன விட்டுட்டு நாங்க எங்கன போவோம் அண்ணே" என்றான்.

அந்த மழை முடிவதற்குள் பதினொரு பேரைப் புதைத்தேன். அவன் நாலாவது.