வியர்க்காத பெண்ணுக்கு ஒரு ஏசி

நாற்பது வருஷத் தொழிலில் எத்தனையோ வீடுகளில் "கம்ப்ரஸர் போச்சுங்க" என்று சொல்லியிருக்கிறேன். சிலர் திட்டுவார்கள், சிலர் டீ கொடுத்துவிட்டுத் திட்டுவார்கள். அதைக் கேட்டதும் ஒரு பெண் சமையல்கட்டுக்கு ஓடி, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து குழந்தையின் தலையில் ஊற்றியதை ஒரே ஒரு வீட்டில்தான் பார்த்தேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஃபிரிட்ஜ், ஏசி கடையில் நான் மெக்கானிக். பெரிய கடை என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் நாலு ஃபேன், ரெண்டு மிக்ஸி, பின்னால் ஒரு குடோன். அன்றைக்கு ஊரில் ஏசி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டர் வீடு, ரைஸ்மில்காரர் வீடு, அவ்வளவுதான். அதனால் சின்னசேலம் ரோட்டில் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் ஏசி ரிப்பேர் என்று முதலாளி சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விவசாயியின் பெயர் தணிகாசலம். அவருடைய ஊரே அவருக்குக் கொழுப்பு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

வீடு சின்ன வீடு. மெத்தை, அதாவது கான்கிரீட் தளம், போட்டது ஒரே ஒரு அறை. அந்த அறை ஜன்னலில் ஒன்றரை டன் விண்டோ ஏசி. மெட்ராஸில் ஏதோ ஆபீஸை மூடியபோது அவருடைய மச்சான் பிடித்துக் கொடுத்த பழைய மிஷின். கட்டிலில் ஏழு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தது. தலையில் முடி கம்மி. முன்னால் கூராக நாலே நாலு பல். மீட்டரை வைத்து நான் பார்க்கும்போது பக்கத்தில் வந்து, "அண்ணா, முள்ளு ஏன் நவுரவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். பெயர் செல்வி.

முள் நகராததற்குக் காரணம், கம்ப்ரஸருக்குள் காயில் அறுந்துவிட்டது. ஏற்கெனவே ரெண்டு தடவை டோம் என்கிற இரும்பு மூடியை வெட்டி ரீவைண்டிங் செய்த கம்ப்ரஸர். கண்டன்சரும் அரித்துப்போய், கை வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. மூன்றாவது தடவை வெட்டினால் மூன்று மாதம் தாங்காது. புதுசுதான் போட வேண்டும் என்று சொன்னேன். அப்போதுதான் செல்வியின் அம்மா அஞ்சலை தண்ணீர் எடுக்க ஓடினார்.

"இதுக்கு ஒடம்புல வேர்வையே வராது தம்பி. பொறந்ததுலருந்தே அப்டித்தான். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, மருந்து கெடையாது, வெக்கை படாம பாத்துக்கணும்னு. வெயில் ஏறுச்சின்னா ஒடம்பு அனலாயிடும். வலிப்பு வந்துடும். ரெண்டு தபா போய்ப் பொயச்சி வந்துது" என்றார் அஞ்சலை. புரட்டாசி மாதம். மணி பத்துக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மிஷினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன் நான்.

நான் செய்த உதவி

எங்கள் ஊரில் பேரம் என்றால் முதலில் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். புடவைக் கடையில்கூட, "மூணு பொண்ணுங்கண்ணே எனுக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கடைக்காரரும் உச்சுக்கொட்டிவிட்டுப் பத்து ரூபாய் குறைப்பார். நானும் அப்படி வளர்ந்தவன்தான். சைக்கிளை மிதித்துக் கடைக்கு வந்ததும் செல்வியைப் பற்றி ஒன்று விடாமல் முதலாளியிடம் சொன்னேன். வலிப்பு, பாண்டிச்சேரி, தலையில் ஊற்றிய தண்ணீர், எல்லாம்.

முதலாளி கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் என் அப்பா செத்தபோது முதலில் பணத்தோடு வந்து நின்றவர் அவர்தான். அன்றைக்கும் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். "அய்யோ பாவம்" என்றார். மனசாரத்தான் சொன்னார். பிறகு கொட்டேஷன் நோட்டை எடுத்து இருபத்தாறாயிரம் என்று எழுதினார்.

"இருபதரைக்குத்தானுங்க நம்ம குடுக்கறது?" என்றேன்.

"டேய், அவனால வேணாம்னு சொல்ல முடியுமா? நாளைக்கு ரோட்ட அடைக்கப் போறாங்க. சேலத்துலருந்து ஒரு ஸ்க்ரூ கூட வராது. குடோன்ல கீறது ஒரே பீசு. டாக்டர் வூட்டுலருந்து வந்து கேட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

டாக்டர் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசி வரியாக, "பழைய மிஷினை இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்" என்று சேர்க்கச் சொன்னார். இந்த வரியைப் பார்த்து வாடிக்கையாளர்கள் நன்றி சொல்வார்கள். பழைய மிஷினுக்குள் இருக்கும் செம்புக் காயிலையும் ட்யூபையும் எடைக்குப் போட்டால் அந்தக் காலத்திலேயே ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாது.

மத்தியானமே அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்த் தணிகாசலத்திடம் கொடுத்தேன். அவர் ரெண்டு தடவை படித்தார்.

"நம்ம கஷ்டத்த சொன்னியா தம்பி?"

"சொன்னேண்ணே."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லித்தான் இவ்ளோவாவது கொறச்சிக்கீறாங்க. இல்லனா முப்பது கேட்டிருப்பான். நீ நல்லா இருக்கணும். பக்கத்து நெலத்துக்காரருகிட்ட பேசிட்டேன். அரைக் காணிய எழுதிக் குடுத்துட்டா பணம் சாயங்காலமே வந்துடும்."

அவரிடம் இருந்ததே ஒன்றரைக் காணி, ரெண்டு ஏக்கர். அவர் கை என் கைமேல் இருந்தது. அதை உதறிவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"கொறைக்கலண்ணே," என்றேன். "எப்பவும் குடுக்கற வெல இருபதரை. நான் போய் சொன்னதாலதான் ஏத்திட்டாரு."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அஞ்சலையைப் பார்த்தார், உள்ளே செல்வி ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். "அப்ப எங்க பொண்ணு ஒடம்ப வெச்சி அஞ்சாயிரத்தி ஐந்நூறு ஏத்திருக்கான்" என்றார். பிறகு, "இருந்தாலும் வாங்கித்தானே ஆவணும்?" என்றார்.

மலைக்கு

என்னிடம் அந்த நேரத்தில் இருந்தது தொழில் விவரம் ஒன்றுதான். விண்டோ ஏசி ஐப்பசி மழைக்குள் விற்கவில்லை என்றால் பங்குனி வரைக்கும் குடோனில் தூங்கும். முதலாளி போட்ட பணமும் அதோடு தூங்கும். வாங்குகிறவர் ரெண்டு வாரம் பொறுத்தால் போதும், விலை தானாக இறங்கி வரும். இதைச் சொன்னேன்.

"ரெண்டு வாரம் இத எப்டி வெச்சிக்கினு இருக்கறது? நாளைய பொழுதத் தாண்டறதே பெரும்பாடு" என்றார் அஞ்சலை.

"இங்க வேணாம்கா. கரியாலூர்ல வெச்சிக்கலாம்."

கல்வராயன் மலையில் கரியாலூர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு அடிக்கடி நான் போவேன். சித்திரையிலேயே விடியற்காலையில் பல் தந்தியடிக்கும். அங்கே வாட்ச்மேன் கோவிந்தன் எனக்குப் பழக்கம். அவர் வீட்டில் ஒரு அறை சும்மாதான் இருந்தது.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். தணிகாசலம் ஓட்டிய பழைய பைக்கில் அஞ்சலையும் செல்வியும். முன்னால் நான் கடை மொபெட்டில். முதலாளியிடம் கேட்டு எடுக்கவில்லை. வழியெல்லாம் அடைத்திருந்ததால் சுற்றிச் சுற்றிப் போய், கச்சிராயபாளையத்துக்கு முன்னால் வந்தபோது, ரோட்டின் குறுக்கே ஒரு முழுப் புளியமரத்தை வெட்டிப் போட்டு, இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வூட்டுக்கு ஒரு ஆளு ரோட்டுல குந்தணும்னு சங்கத்துல சொல்லிக்கீது. நீ இன்னாய்யா, குடும்பத்தோட டூர் போறியா?" என்று ஒருவர் தணிகாசலத்தின் பைக் சாவியைப் பிடுங்கினார். நாற்பது வயது இருக்கும், முறுக்கு மீசை.

தணிகாசலம் விளக்கம் சொல்லச் சொல்ல, "வேர்வ வராதாமே! நம்புற மாதிரி சொல்லுய்யா" என்று பின்னால் ஒருவன் சிரித்தான். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. செல்வியின் முகம் செங்கல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. துண்டு காய்ந்துவிட்டது. "அம்மா, சுடுதும்மா" என்றாள், மெதுவாக.

மீசைக்காரர் குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தார். "அய்யய்யோ, கொதிக்குதேய்யா!" என்று கையை இழுத்துக்கொண்டார். திரும்பி, "டேய், சிரிச்சிக்கினு நிக்கற? அந்தப் பானையத் தூக்கினு வாடா!" என்று கத்தினார். குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீர் முழுவதையும் செல்வி மேல் ஊற்றினார்கள். நாலு பேர் பைக்கையும் மொபெட்டையும் மரத்துக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்த மீசைக்காரர், "கொயந்தைய வுட்டுட்டு நீ வந்து குந்து" என்றார்.

"வரேண்ணே. சத்தியமா வரேன்" என்றார் தணிகாசலம். அதேபோல மத்தியானமே இறங்கி வந்து, மறியல் முடியும் வரை ஒரு நாள் தவறாமல் அந்த மரத்தடியில் உட்கார்ந்தார். வேலையிலும் படிப்பிலும் தங்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த கோபம் நிஜமானது.

கோமுகி அணையைத் தாண்டி ஏற்றம் ஏறும்போது காற்று மாறியது. கரியாலூர் போய்ச் சேர்ந்தபோது செல்வி, "அண்ணா, இங்க யாரு ஏசி போட்டுக்கீறாங்க?" என்று கேட்டாள். அஞ்சலை சிரித்துக்கொண்டே அழுதார். என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது எனக்கு.

இறங்கிய விலை

மறியல் முடிந்து, மழையும் ரெண்டு நாள் பெய்த பிறகு தணிகாசலம் கடைக்கு வந்தார். நான் அவரிடம் சொல்லிவைத்தது ஒன்றுதான்: செல்வி கஷ்டப்படுவதாக ஒரு வார்த்தையும் வாயில் வரக்கூடாது.

"கொயந்த எப்டிக்கீது?" என்று முதலாளியே கேட்டார்.

"நல்லாக்கீதுங்க. மலையில கீது. பங்குனி வரைக்கும் அங்கதான். ஏசி அப்பறமா பாத்துக்கலாம். டேபிள் ஃபேன் இன்னா வெல?"

முதலாளி குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஃபேன் இருக்கட்டும் தணிகாசலம். உனுக்காக இருபத்திமூணு பண்ணிக்கலாம்."

"வேணாங்க. ஃபேனு சொல்லுங்க."

இருபத்திரண்டுக்கு வந்தது, இருபத்தொன்றுக்கு வந்தது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இருபதரைக்கு வந்து நின்றது. தணிகாசலம் அதற்கும் தலையாட்டாமல், "பழைய மிஷினுக்கு இன்னா தருவீங்க?" என்றார்.

"அது துருப்புடிச்ச இரும்புய்யா."

"உள்ள செம்பு கீதாமே?"

முதலாளி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு பத்தொன்பதாயிரம் என்று எழுதினார். அதிலும் அவருக்கு லாபம் இருந்தது. அது நியாயமான விலை. கரும்புப் பணமும் அஞ்சலையின் நகையுமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அரைக் காணி அவர்களிடமே இருந்துவிட்டது.

மறுநாள் நானே போய் ஃபிட்டிங் செய்தேன். முதல் குளிர்காற்று வந்ததும், அன்று காலைதான் மலையிலிருந்து இறங்கிய செல்வி, ஏசிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. நான் பெருமையாக டூல்ஸை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தணிகாசலம் வாசல் வரை கூட வந்தார்.

"தம்பி, கோச்சிக்காத. நீ பண்ணத ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ஆனா எங்க வூட்டு சங்கதிய எங்களக் கேக்காம எடுத்துனு போயி இன்னொருத்தன்கிட்ட வெக்காத. நல்லதுக்குன்னாலும் வெக்காத."

கடைக்குத் திரும்பியதும் முதலாளி ஒரு மாதச் சம்பளத்தை முழுசாக மேசைமேல் வைத்தார். "உன்ன என் ஆளா அனுப்பறேன். நீ கஸ்டமர் ஆளா திரும்பி வர. நாளைலருந்து வராத" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

என் கடையில்

பிறகு திருக்கோவிலூரில் சொந்தமாகக் கடை போட்டேன். யோக்கியன் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்ட காலம். ஒரு நாள் டீச்சரம்மா ஒருவர் வீட்டில் பழைய ஏசியை மாற்ற அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா பேச்சுவாக்கில், "அவருக்கு ஆபரேஷன் ஆயிருக்குதுங்க, வெக்கை தாங்க மாட்டேங்கறாரு. நாளைக்குள்ள போட்டுடணும்" என்றார். அந்தக் கணம் என் மனசுக்குள் விலை ரெண்டாயிரம் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஏற்றவில்லை. அதுவே ஏறியது. அவசரம், ஆள் கிடைக்காது, ரிஸ்க் என்று காரணங்களும் வரிசையாக வந்து நின்றன. என் முதலாளிக்கும் அன்றைக்கு இப்படித்தான் ஏறியிருக்கும். அவரை எத்தனை வருஷம் மனசுக்குள் ஏசியிருக்கிறேன்! அந்த அறையில் டேப்பைப் பிடித்தபடி கூசிப்போய் நின்றேன். பழைய விலையையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் என்னை நானே நம்பக்கூடாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அறையின் நீளம், அகலம், மேலே மெத்தையா ஓடா, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, இவ்வளவும் கேளுங்கள். விலை போட இவை போதும். அந்த அறையில் யார் படுக்கிறார்கள் என்பது விலைக்குத் தேவையில்லை. வாங்குகிறவர்களும் விலை காகிதத்தில் ஏறும் வரைக்கும் தங்கள் கஷ்டத்தைத் தங்களோடு வைத்துக்கொள்வது நல்லது.

இதனால் எனக்குக் கல்நெஞ்சன் என்று பெயர். போன மாதம்கூட ஒரு அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். "இன்னா மெக்கானிக்கு நீ! வூட்டுல ஒடம்பு சரியில்லாதவங்க கீறாங்கன்னு சொல்ல வந்தா, வேணாம் வேணாம்னு காதப் பொத்திக்கற. மனுசன் தானா நீ?"

நான் விலையை எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்ப சொல்லும்மா. யாருக்கு ஒடம்பு சரியில்ல?"