பதினாறு பாகம் தாங்கும் மணிக்கூடு

எனக்கு மணிக்கூடு நேரம் பார்ப்பதற்குத் தேவையில்லை. நெடுந்தீவில் நேரம் என்றால் படகு வரும் நேரமும் படகு போகும் நேரமும்தான். அது இரண்டும் எந்த மணிக்கூடும் இல்லாமலே ஊருக்குத் தெரியும். எனக்குத் தேவை ஒரே ஒரு நிமிடம். பிறந்த குழந்தையின் சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் நாலு கதை கதைத்துவிட்டுச் சைக்கிளை எடுக்கலாம். அறுபதைத் தொட்டால் திரும்ப எண்ண வேண்டும். அப்போதும் தொட்டால் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பெரும்பாலும் படகேறி யாழ்ப்பாணம். நான் இந்தத் தீவின் மருத்துவமாது. ஊரார் மிஸி என்று கூப்பிடுவார்கள்.

இந்த வேலைக்கு வந்த பிறகு நான் சாகடித்த மணிக்கூடுகள் கொஞ்சமல்ல. திங்கட்கிழமை காலையில் ஊர்காவற்றுறை வீட்டிலிருந்து பஸ் ஏறிக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, ஒரு மணி நேரம் படகில் இருந்தால், இறங்கும்போது கை முழுதும் உப்பு. பிறகு வெள்ளிக்கிழமை வரை கல்லு ரோட்டில் சைக்கிள் ஓட்டம். ஒரு நாளைக்கு இருபது தரமாவது சவர்க்காரம் போட்டுக் கை கழுவல். போதாததற்கு வெயில்.

முதலாவதைப் பிரான்சில் இருக்கும் என் மச்சாள் அனுப்பியிருந்தாள். தங்க நிறம். எண்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வெள்ளைக் கல்லு, நொடி முள்ளே கிடையாது. கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போனால் எல்லாரும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். குழந்தையின் மூச்சை எண்ண அது ஒன்றுக்கும் உதவாது. இரண்டாம் கிழமையே எட்டு மணிக் கல்லு கழன்று விழுந்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் யாராவது நேரம் கேட்டால், எட்டு மணியைக் காணவில்லை என்று சொல்லிச் சிரிப்போம். அடுத்தது தோல் பட்டி போட்டது. ஒரு மாதத்தில் அந்தப் பட்டி கருவாட்டு மணம் மணக்கத் தொடங்கிவிட்டது. அதற்கடுத்தது எண்கள் ஓடும் கறுப்பு மணிக்கூடு. உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் எண்ணை வாசிக்கவேண்டுமென்றால் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். கண்ணை எடுத்தால் ஒரு மூச்சுத் தப்பிவிடும். முள் என்றால் அப்படியில்லை, கடைக்கண்ணுக்கே அது எங்கே நிற்கிறது என்று தெரியும். கைத்தொலைபேசியும் வைத்துப் பார்த்தேன். நடுவில் திரை இருண்டுவிடும், இல்லாவிட்டால் யாராவது அழைப்பார்கள்.

நாலாவதை வாங்கித் தந்தவர் என் கணவர். ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்பவர். கடலைப் பற்றி அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தர முடியாது, சொன்னாலும் கேட்கமாட்டார். அந்த மணிக்கூட்டின் முகத்தில் தண்ணீருக்கு முப்பது மீற்றர் என்று எழுதியிருந்தது. அதைக் கண்டதும் கடையிலேயே இரண்டு கைகளையும் விரித்துக் கணக்குப் பார்த்தாராம். எங்கள் கடலில் ஆழத்தை மீற்றரில் யாரும் அளப்பதில்லை. இரண்டு கையையும் நீட்டினால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம். முப்பது மீற்றர் என்பது பதினாறு பாகத்துக்குக் கொஞ்சம் மேலே.

"குறிகட்டுவானிலை இருந்து நெடுந்தீவு மட்டும் எங்கை இறக்கினாலும் ஆறு பாகம் வராது. உது பதினாறு பாகம் தாங்கும். நீர் படகோடை தாண்டாலும் மணிக்கூடு ஓடும்," என்றார்.

அவர் ஆசையோடு சொன்ன முறை இதுதான். நான் கடலில் மூழ்குவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லையா என்று கேட்டேன். உமக்கு நீந்தத் தெரியும்தானே என்றார்.

எட்டு மாதம் அது நன்றாகத்தான் ஓடியது. பிறகு கண்ணாடிக்கு உள்ளே காலையில் ஒரு மூட்டம் தெரியும், மத்தியானம் வெயிலில் காய்ந்துவிடும். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பதினாறு பாகம் தாங்குவதற்குள் தண்ணீர் எப்படிப் போகும்? அந்தக் கணக்கை நானும் நம்பித்தான் இருந்தேன்.

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள் பார்க்கப் போனேன். தாய்க்கு இது மூன்றாவது. அவளுடைய முதல் இரண்டையும் பார்த்தவள் நான்தான், இந்தப் பிள்ளையையும் ஐந்தாம் நாள் வந்து பார்த்திருந்தேன். பிள்ளையை மடியில் கிடத்தி, முள் பன்னிரண்டுக்கு வந்ததும் எண்ணத் தொடங்கினேன். எழுபத்தொன்று. திரும்ப எண்ணினேன். அறுபத்தெட்டு.

பிள்ளை பார்வைக்குச் சுகமாகத்தான் கிடந்தது. ஆனால் இந்த வேலையில் பார்வையை நம்பக்கூடாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்று படித்தவள் நான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கிருந்து யாழ்ப்பாணம் அனுப்பவும் கூடும் என்று தாயிடம் சொன்னேன். வெளியே தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பனையெல்லாவற்றையும் ஒரு பக்கமாகச் சரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கடலில் பன்னிரண்டு நாள் பிள்ளையோடு போவது எப்படி இருக்குமென்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் எழும்பி, பிள்ளையின் துணிகளைப் பைக்குள் அடுக்கினாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லத் தொலைபேசியைத் தேடினேன். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்த தாய் என் கையைப் பார்த்தபடி நின்றாள்.

"மிஸி, உந்த முள்ளு ஒன்பதிலை நிண்டு நடுங்குது," என்றாள்.

பார்த்தேன். நொடி முள் ஒன்பதில் ஏறமுடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. அரை நிமிடமளவு துடித்து, பிறகு ஒன்றும் நடக்காதது போல மேலே போனது. அடுத்த சுற்றில் இன்னும் கூடுதலாக நின்றது. ஒரு நிமிடம் என்று நான் எண்ணியது ஒரு நிமிடமே இல்லை. தொலைபேசியை வைத்து, திரை இருளாமல் விரலால் தொட்டுத் தொட்டு, மூன்று தரம் எண்ணினோம். நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு.

நான் சிரித்தேன். அப்படி ஒரு நிம்மதி. அவள் சிரிக்கவில்லை. துணிகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அஞ்சாம் நாள் எண்ணினதும் உந்த மணிக்கூட்டிலையோ மிஸி?"

ஓம் என்றேன். அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாள். தேத்தண்ணி தராமல் அந்த வீட்டில் என்னை அனுப்பியது அன்றுதான். இந்தத் தீவில் என் சொல்லைக் கேட்டுத்தான் பெண்கள் படகேறுகிறார்கள், ஏறாமலும் இருக்கிறார்கள். அந்தச் சொல் ஒரு வீட்டில் கெட்டால் மற்ற வீடுகளுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். அவருக்கு மணிக்கூட்டில் பிழை இருக்கும் என்ற பேச்சே பிடிக்கவில்லை, பஸ்ஸில் வழி நெடுகப் பதினாறு பாகம் பாடிக்கொண்டு வந்தார். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பற்றறியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. முப்பது மீற்றர் என்பது அசையாத தண்ணீரில் வைத்து அமுக்கிப் பார்க்கிற கணக்கு என்றும், அலை வந்து அறைவதும் குழாய்த் தண்ணீர் பாய்வதும் வேறு கணக்கு என்றும் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

"அப்ப உது எத்தினை பாகம் தாங்கும்?" என்றார் இவர்.

"அண்ணை, ஒரு பாகமும் ஏலாது. மழைத்துளி பட்டால் துடைக்கலாம், அவ்வளவுதான்."

இவர் கடை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

இந்தத் தரம் நானே தெரிவு செய்தேன். கடைக்காரர் முதலில் பெண்களுக்கானது என்று சின்னச் சின்னதாக எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். இரும்புப் பட்டி வேண்டாம், பிள்ளையின் தோலில் கீறும். தோல் பட்டி வேண்டவே வேண்டாம். வெள்ளை முகமும் கறுப்பு எண்ணும் அறுபது கோடும் வேண்டும். நொடி முள் சிவப்பாக, நுனி கோட்டைத் தொடுகிற நீளத்தில் இருக்க வேண்டும். பின்மூடி சும்மா அமுக்கிப் பூட்டுவதாக இல்லாமல் திருகிப் பூட்டுவதாக இருக்க வேண்டும். தண்ணீருக்கு நூறு மீற்றர். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் திகதியும் கிழமையும் இன்னும் இரண்டு குட்டி முகங்களும் இருந்தன. மற்றது ஒன்றுமில்லாத வெறும் கறுப்பு றப்பர் மணிக்கூடு. வெறும் கறுப்பை எடுத்தேன். ஆம்பிளையள் கட்டுறது மாதிரிக் கிடக்கு என்றார் இவர்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் மேசையில் மணிக்கூட்டைக் காணவில்லை, இவரையும் காணவில்லை. துறைக்குப் போனேன். இவர் வள்ளத்தில் இருந்தபடி தூண்டில் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நூலின் மறு நுனியில் ஈயக் குண்டோடு என் புது மணிக்கூடு அடியில் கிடந்தது. இறக்கி அரை மணி நேரமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நூலை இழுத்து எடுத்து, சாரத்தில் துடைத்து, தன் தொலைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார். ஒரு நொடியும் பிந்தவில்லை.

"இனி எண்ணிக்கை பிழைச்சால் மணிக்கூட்டைச் சாட்ட ஏலாது. நீர்தான் பிழை," என்றார்.

திங்கட்கிழமை படகால் இறங்கி நேரே அந்த வீட்டுக்குத்தான் போனேன். என் புது மணிக்கூட்டைத் தாய் பார்த்தாள். நான் எண்ணத் தொடங்கியதும் அவள் தன் தொலைபேசியைத் தொடையில் வைத்துக்கொண்டு தானும் எண்ணினாள். உதடு அசைவது தெரிந்தது. நாற்பத்து மூன்று என்றேன் நான். நாற்பத்து நாலு என்றாள் அவள். பிள்ளை இடையில் ஒரு தரம் விக்கியது, அதையும் சேர்த்து எண்ணிப்போட்டாள் போல. தேத்தண்ணி வந்தது. அதற்கடுத்த கிழமையும் அவள் எண்ணினாள். எனக்கு அது சுட்டது, ஆனால் எண்ணாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

மூன்றாம் தரம் போனபோது பிள்ளை நன்றாகக் கொழுத்திருந்தது. சட்டையைத் தூக்கினேன். தாயின் தொலைபேசி அலுமாரிக்கு மேலே கிடந்தது. அவள் அதை எடுக்கப் போகிறாளென்று முள் இரண்டு தரம் சுற்றும்வரை காத்திருந்தேன்.

"என்ன மிஸி பாத்துக்கொண்டிருக்கிறியள்? எண்ணுங்கோவன், பிள்ளைக்குக் குளிரப்போகுது," என்றாள்.

எண்ணினேன். நாற்பத்தொன்று என்றேன். அவள் சரி என்று சொல்லிச் சட்டையை இழுத்து மூடினாள்.