மூடிய கைக்குள் ஒரு ரோமக் காசு

யுத்த காலத்தில் நான் பூந்தமல்லியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். ஆவடியில் ராணுவ முகாம் எழும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் வாரத்தில் பாதி நாள் அங்கே போய்விடுவார். அந்த நாட்களில் அருவாள் வெட்டு, மண்டை உடைப்பு, மாடு முட்டிய காயம் எல்லாம் என் கைக்கு வரும். தையல் போடப் பழகியது அப்படித்தான்.

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ரோமாபுரிக் காசு. யுத்தத்தில் செம்பும் பித்தளையும் விலை ஏறியதால், ஜனங்கள் வீட்டில் கிடந்த ஓட்டை உடைசலையெல்லாம் கடைத்தெருவில் இருந்த பாத்திரக்கார பாயிடம் கொண்டுவந்து போட்டார்கள். அந்தக் குவியலில் எப்போதாவது சுண்டுவிரல் நகம் அளவுக்குச் செப்புக் காசு அகப்படும். தேய்ந்துபோன ஒரு ஆள் முகம், சுற்றிலும் இங்கிலீஷ் போலவே இருந்தும் படிக்க முடியாத எழுத்து. உருக்குவதற்கு முன்னால் பாய் அதைப் பொறுக்கி எனக்கென்று எடுத்து வைப்பார். பட்டணத்து மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அதே முகங்களைப் பார்த்த பிறகுதான் அவை ரோமச் சக்கரவர்த்திகள் என்று தெரிந்தது. பக்கத்தில் தங்கத்திலும் ஒன்று இருந்தது. காவல்காரர் வந்து விரட்டும்வரை அதன் முன்னால் நின்றேன்.

கோடையில் ஒரு காலை, செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வைக்கோல் முழுக்க ரத்தம். முப்பது வயது இருக்கும் ஒரு குடியானவன், மணிக்கட்டின் மேல்பக்கம் எலும்பு தெரிய வெட்டுப்பட்டுக் கிடந்தான். அவன் பெண்சாதி தன் முந்தானையால் அந்தக் கையைச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"கெணறு தூர் வாரும்போது மம்புட்டி தவறிப் பட்டுடிச்சி" என்றாள்.

தவறிப்பட்ட வெட்டு அப்படி இருக்காது. நான் ஒன்றும் கேட்கவில்லை. விரலை நிமிர்த்தும் நரம்புகள் அறுந்துபோனதால் அவன் கை மூடியபடியே இருந்தது. அவளை வெந்நீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவன் மாடு மாதிரி அலறி மயங்கினான். உள்ளங்கையில், ரத்தக் கட்டிக்கு நடுவில், ஒரு தங்கக் காசு.

துடைத்துப் பார்த்தேன். இலைக் கிரீடம் வைத்த சக்கரவர்த்தியின் தலை. கன்னத்தின் குறுக்கே ஆழமாக ஒரு உளி வெட்டு. தங்கம் அசல்தானா என்று அந்தக் காலத்திலேயே யாரோ வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். மியூசியத்தில் பார்த்ததைவிட இது நன்றாக இருந்தது. வெந்நீர்ச் செம்போடு அவள் வாசலில் ஏறும் சத்தம் கேட்டது. காசைச் சட்டைப் பைக்குள் போட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பிறகு நல்லபடியாகத் தையல் போட்டேன்.

அவன் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிதற்றிக்கொண்டு கிடந்தான். நாலாம் நாள் காலை அவன் பெண்சாதி தனியாக வந்தாள். மேல் உதடு கிழிந்து தொங்கியது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தலையில் ஒரு பிடி மயிர் வேரோடு போயிருந்தது. அப்போதுதான் நடந்ததைச் சொன்னாள். கிணற்றுக்குள் அவள் புருஷனும் அவன் அண்ணனும் மண் எடுக்கும்போது ஒரு கலயம் உடைந்தது. உள்ளே தங்கக் காசுகள். அண்ணன் எல்லாவற்றையும் மடியில் கொட்டிக்கொண்டான். தம்பி பாய்ந்து ஒன்றைப் பிடுங்கினான். அதற்குத்தான் மண்வெட்டி இறங்கியது. சர்க்காருக்குத் தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்று இரண்டு பக்கமும் வாயைத் திறக்கவில்லை.

"அந்த ஒண்ணு எங்கேன்னு கேட்டு அவரு அண்ணன் ஊட்டைப் பிரிச்சிட்டான். அடுப்பை உடைச்சான். அப்புறம் என்னைப் போட்டு அடிச்சான். எனக்குத் தெரியாதுன்னு கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் பண்ணேன். நம்ப மாட்டேன்றான் கம்பவுண்டரய்யா."

அவள் உதட்டில் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தேன். காசு பக்கத்து அறையில் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சொல்லியிருக்கலாம். "வாயை அசைக்காதேம்மா" என்று மட்டும் சொன்னேன். மூன்று தையல் போட்டேன். அவள் கை கூப்பிவிட்டுப் புருஷன் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், அண்ணனே வந்தான். உயரமான, கறுத்த ஆள். டாக்டர் ஆவடியில் இருந்தார். நான் இரும்புக் கல்வத்தில் மருந்து இடித்துக்கொண்டிருந்தேன். நேராகக் கட்டிலுக்குப் போய்த் தம்பியைத் தரையில் இழுத்துப் போட்டான்.

"எங்கடா வெச்ச? சொல்லு!"

"தெரியலண்ணா. வண்டியில வுழுந்துச்சோ இன்னாவோ..."

அவன் தம்பியின் கட்டுப் போட்ட கையை மிதித்தான். நான் போட்ட தையல் பிரிந்து ரத்தம் துணியில் ஊறுவதைப் பார்த்தேன். பெண்சாதி அவன் காலைப் பிடித்தாள். அவளை உதைத்தான். மறுபடியும் மிதித்தான். தம்பியிடமிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை.

"விடு! அது என்கிட்ட இருக்கு!" என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் ஒரே எட்டில் வந்து என் கழுத்தைப் பிடித்து மருந்து அலமாரியில் மோதினான். பாட்டில்கள் சரிந்து உடைந்தன. கார்பாலிக் நெடி. முகத்தில் ஒரு குத்து. பற்கள் இரண்டு நாக்கில் உருண்டன. மூச்சு நின்று கண் இருட்டும்போது, அவன் தோளுக்குப் பின்னால் தம்பி எழுந்து நிற்பதைப் பார்த்தேன். இடது கையில் என் கல்வத்து உலக்கை.

முதல் அடியில் என் கழுத்துப்பிடி விட்டது. அண்ணன் முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, "டேய் தம்பி" என்றான். அடித்தவனைக் கோபித்துச் சொன்னதுபோல இல்லை; கூப்பிட்டது போல இருந்தது. தம்பி இரண்டாவது முறையும் அடித்தான்.

சாயங்காலத்துக்குள் அண்ணன் உயிர் போய்விட்டது.

போலீஸ் வந்தது. அண்ணன் வீட்டில் இருந்த காசுகளோடு என் பெட்டியில் இருந்த ஒன்றையும் சேர்த்து முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். நான் பாடுபட்டுச் சேர்த்த செப்புக் காசுகளும் அதோடு போயின. அவை தன்னிடம் வாங்கியவை என்று பாய் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியும் பலன் இல்லை. வெளியே வந்து பாய் என்னிடம், "என்கிட்ட கேட்டிருந்தா நல்ல புத்தி சொல்லியிருப்பேனே" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் நான் முக்கியச் சாட்சி. காசை நான் ஒளித்ததை ஒப்புக்கொண்டேன். தம்பியின் வக்கீல் கேட்டார்: "உன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவனைத்தானே இவன் அடித்தான்?"

"ஆமாம். என் உயிரைக் காப்பாற்றினான்."

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "எத்தனை அடி?"

"இரண்டு."

"இரண்டாவது அடி விழும்போது செத்தவன் கை எங்கே இருந்தது?"

கூண்டில் தம்பி தன் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு அடி என்று சொல்லியிருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்குமோ தெரியாது. எனக்குள் ஏதோ ஒரு வீம்பு, இனிமேல் பொய் சொல்வதில்லை என்று.

"தன் தலைமேல் இருந்தது" என்றேன்.

தம்பிக்கு ஆறு வருஷம் தண்டனை கொடுத்தார்கள்.

வெளியே வராந்தாவில் அவன் பெண்சாதி நின்றிருந்தாள். உதட்டில் என் தையலின் தழும்பு கோணலாக ஆறியிருந்தது. தலை குனிந்து தாண்டிப் போகப் பார்த்தேன். வழியை மறித்தாள்.

"என் ஒதட்டைத் தெச்சிகினு இருந்தப்போ வாயைத் தொறக்கல நீ" என்றாள். முதல் முறையாக ஒருமையில் பேசினாள். "இன்னிக்கி மட்டும் நெஜம் பேச வந்துடிச்சா?"

அவள் காறித் துப்பவில்லை, சபிக்கவில்லை. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். எனக்கும் அதே பஸ்தான். அது போகும்வரை கோர்ட்டு மரத்தடியில் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காகச் சாயங்காலம்வரை காத்திருந்தேன்.