கோமதி ஆன்டி பார்த்த வேகம்

"புருஷனைக்கூட மாத்திடலாம்டி, வீட்டு இண்டர்நெட்டை மாத்துறதுதான் பெரிய தலைவலி லா."

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கடை வாசலில், யாரோ ஓர் அக்கா போனில் சொல்லிக்கொண்டே போனார். அந்தத் தலைவலிதான் என் பிழைப்பு. பழைய இணைப்பையும் புதியதையும் வீட்டிலேயே ஒப்பிட்டுக் காட்டி, மாற்றிக் கொடுப்பேன். மோடத்தின் விளக்கு பச்சையாகும்வரை அதையே முறைத்துக்கொண்டு நின்றிருக்கும் உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒரே பெயர்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதியது வந்தாலும் பழையதை உடனே வெட்ட மாட்டோம். ஒரு வாரம் இரண்டும் ஓடும். வெட்டிவிட்டால் திரும்ப வாங்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிள்ளானில் மணியம் அங்கிள் வீட்டிலும் அப்படித்தான். பழையது கேபிளில் வருவது. புதியது சிம் போட்ட பெட்டி. போனிலும் டிவியிலும் மறுபடி கடவுச்சொல் போட வேண்டாமே என்று, புதியதற்கும் பழையதன் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்துவிட்டேன். எந்தப் போன் எந்த இணைப்பில் ஓடுகிறது என்று பிறகு எனக்கே தெரியவில்லை.

கடையில் என் சீனியர் ரவி அண்ணே தலையில் கைவைத்தார். "தங்கச்சி, ரெட்டைப் பிள்ளைக்கு ஒரே பேரு வச்சிட்டு, எது அழுவுதுன்னு என்கிட்ட கேக்குறியா?"

பெரிய எண்

ஏழாம் நாள் போய், ஒவ்வொன்றாக அணைத்து வேகத்தை அளந்தேன். புதியது மூன்று மடங்கு. அங்கிள் பந்தாட்டப் பைத்தியம். பழைய இணைப்பை ரத்து செய்யும் படிவத்தை நான் நீட்டுவதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

"எங்கம்மா சைன் பண்ணணும்? இனிமே கோல் விழுறப்ப வட்டம் சுத்தாதுல்ல!"

மதிய அழைப்பு

அவர் மனைவி கோமதி ஆன்டி பேனாவைப் பிடித்துக்கொண்டார். ஆன்டிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கடல் தாண்டிக் கூச்சிங்கில் படிக்கும் மகளோடு தினமும் மதியம் வீடியோவில் கைமொழியில் பேசுவார். அன்று வேகமாக அசைந்த அவர் விரல்களைப் பார்த்து, அங்கிள் எனக்குச் சொன்னார்.

"இந்த வாரம் மக பேச்சு அப்பப்ப பாதிதான் வருதாம். விரலு நடுவுல காணாமப் போகுதாம். சும்மா லா, இவளுக்குப் பழசு மேல பாசம்."

ஐந்து தடவை

எனக்குப் பேசக் கூச்சம். ஆனாலும், "ஒரு தடவை சோதிச்சுப் பாக்கலாமா அங்கிள்?" என்றேன். மகள் அழைத்ததும், பெட்டிகள் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லாமல் ஒன்றை அணைத்து, மற்றதை விட்டு, மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு தடவை வேண்டுமென்றே, ஓடிக்கொண்டிருந்ததையே அணைத்து மறுபடி அதையே போட்டேன். ஒவ்வொரு முறையும் ஆன்டி மகளின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு பழசா புதுசா என்று காட்டுவார். அங்கிள் வெளியிலிருந்து கத்துவார்.

"பழசு!" "புதுசு!" "மறுபடி புதுசு!"

ஐந்தும் சரி. வேகம் அளந்த செயலியை மறுபடி திறந்தேன். அதில் வேகம் பெரிய எழுத்தில் வரும். இணைப்பு நடுநடுவே எவ்வளவு திக்குகிறது என்ற தடுமாற்றக் கணக்கு அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்; புதியதில் அதுதான் அதிகம். நான் படிக்காமல் விட்ட அந்த வரியை ஆன்டி ஒரு வாரமாக மகளின் விரல்களில் படித்திருக்கிறார்.

வெளியே வந்து விடைகளைச் சொன்னேன். அங்கிள் எழுந்து உள்ளே போனார். புதிய பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து மூடினார்.