போடிமெட்டு வளைவில் முறிந்த இரண்டு காறை எலும்புகள்

சென்ற மாதம் போடிமெட்டுக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் என் காறை எலும்பும் முத்தையா மச்சானின் காறை எலும்பும் ஒரே நொடியில் முறிந்த வளைவை, கால் நடமாட்டம் இருக்கும்போதே அவரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. போடிநாயக்கனூரிலிருந்து 26 கிலோமீட்டர். காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறி எட்டேகாலுக்கு மேலே இறங்கினோம். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஜீப்புதான். உள்ளே பன்னிரண்டு பேர், பின்பலகையில் நாலு பேர், ஆளுக்கு இரண்டு ரூபாய்.

அப்போது நான் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அண்ணனான முத்தையா, ராசிங்காபுரத்துக்காரர், அதே தோட்டத்தில் மூட்டை தூக்கினார். வலது தோளில் ஏலக்காய் மூட்டையை ஏற்றினால் ஜீப்பு நிற்கும் இடம்வரை இறக்காமல் நடப்பார். அந்தத் தோளை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

ஒருநாள் காலை இறங்கும்போது, பதினோராவது வளைவில் ஜீப்பின் சக்கரம் ஓடையில் சறுக்கியது. பின்பலகையில் இருந்த நாங்கள் இருவரும் வலது தோள் தரையில் மோத விழுந்தோம். இருவருக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எலும்பு தோலை முட்டிக்கொண்டு நின்றது. "அசையாதீங்கண்ணே, வெரசா போயிரலாம்" என்று டிரைவர் எங்களைப் போடிக்குக் கொண்டுவந்தார். வெறும் கட்டுப் போட்டால் எலும்பு சேராது, மதுரைக்குப் போங்கள் என்றார்கள் அங்கே ஆஸ்பத்திரியில்.

மதுரைக்கு மீட்டர் கேஜ் ரயிலில் மூன்றரை மணி நேரம். தேனியில் இட்லி வாங்கி, இடது கையால் அவருக்கு நான் ஊட்ட, எனக்கு அவர் ஊட்ட, பெட்டியே எங்களைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பயணத்தில்தான் என் மூளை கோணலாக வேலை செய்தது.

"மச்சான், டாக்டர் கேட்டா நீங்களும் கணக்குப்பிள்ளைன்னு சொல்லுங்க. மூட்டை தூக்குற ஆளுன்னா வெறும் கட்டுப் போட்டு அனுப்பிருவாங்க."

"நீங்க சொன்னாச் சரிதான் மாப்ளே."

அப்படியே சொன்னார். இருவருக்கும் எலும்பின் மேல்பக்கத்தில் உலோகத் தகடு வைப்பதென்று முடிவானது. முதல்நாள் எனக்கு ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் காலை மச்சானின் தோளைத் தடவிப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார்.

"இது பேனா பிடிச்சு வந்த காய்ப்பா?"

மச்சான் பக்கத்துக் கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, விளக்கினார். மேலே வைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் தகடு தோலுக்கு அடியிலேயே துருத்தும், அதன்மேல் மூட்டை ஏறினால் தோல் பிய்ந்துவிடும். முன்பக்கம் வைத்தால் சதையை அதிகம் விலக்க வேண்டும். ஆனால் சுமை உட்காரும் மேடு தப்பிக்கும். அவருக்கு முன்பக்கமே வைத்தார். அந்தக் காய்ப்பு மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால், அவர் பிழைப்பை என் வாயாலேயே கெடுத்திருப்பேன்.

ஆறு மாதம் கழித்து முதல் மூட்டையை ஏற்றியபோது பக்கத்தில் நின்றேன். நாலு எட்டு நடந்து, "உரசல மாப்ளே" என்றார். நான் ஸ்டோருக்குள் போய் அழுதேன்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். மேல்பக்கம் தகடு உள்ளவர்கள் தோள்பை கொண்டுபோகாதீர்கள், கைப்பை போதும். என் தகட்டை எடுத்துவிடச் சொன்னார்கள், பயந்து தள்ளிப்போட்டே கிழவனாகிவிட்டேன். பனியில் வலிக்கும், பை வார் பட்டால் உயிர் போகும். டாக்டர் என்ன வேலை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

சென்ற மாதம் மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வலது தோளில் வார் படாமல் பையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துத் தவித்தேன். மச்சான் கை நீட்டினார்.

"கொண்டாங்க மாப்ளே. ரெண்டு பேரும் கணக்குப்பிள்ளைதான, யாரு தூக்குனா என்ன?"

பையை வலது தோளில் போட்டுக்கொண்டு வளைவை நோக்கி எனக்கு முன்னால் நடந்தார்.