தரையில் படாத பை

பை வாங்க வந்த கஸ்தூரி நிறம் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. ஒவ்வொரு பையாகத் தரையில் நிறுத்தி, குனிந்து, அதன் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

கூலாயில் பைக்கடை வைத்திருக்கும் ஹாரூன் எத்தனையோ விதமான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். இது அவருக்கே புதிது.

"என்னக்கா தேடுறீங்க? பூனைக்குட்டி ஏதும் பூந்துருச்சா?"

"பிளேன்ல முன் சீட்டுக்கு அடியில வைக்கிற பை வேணும் தம்பி. ஆனா அடிப்பக்கம் தரையில படக்கூடாது."

"படாம எப்படிக்கா? பறக்கிறது பிளேன்தான் லா, பை இல்ல."

கஸ்தூரி சிரிக்கவில்லை. கைப்பேசியை நீட்டினாள். அண்ணன் திருச்செல்வம் அனுப்பிய அளவு அதில் இருந்தது. நீளம், அகலம், உயரம். கீழே ஒரு வரி: 'இதுக்கு மேல போனா ஏத்த மாட்டான். சின்னதா வாங்கு.'

ஹாரூன் படித்துவிட்டு, துணியில் தைத்த மெல்லிய பை ஒன்றை எடுத்துப் போட்டார். "இதான் சரி. மடங்கும், நசுங்கும், எங்க வேணும்னாலும் நுழையும்."

"நசுங்கக்கூடாது தம்பி."

"அப்படி என்னத்தக்கா கொண்டு போறீங்க?"

"அம்மாவ."

ஹாரூனின் கை ஜிப்பிலேயே நின்றது. பிறகு அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, பைகளைத் தரையில் வைக்காமல் அதன்மேல் வைத்துக் காட்டத் தொடங்கினார்.

அம்மாவின் பெயர் வெள்ளையம்மா. செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கியே முதுகு வளைந்தவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, "எங்கூட வாம்மா" என்று கூப்பிட்டது கஸ்தூரிதான். அவள் செனாயில் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். கல்யாணம் ஆகவில்லை. ஏதோ ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு ஓர் அறை, ஒரு ஜன்னல். அம்மாவுக்கு அதுவே போதும் என்றுதான் இருந்தது.

திருச்செல்வம் விடவில்லை. "மகன் நான் இருக்கையில மக வீட்ல போய்ச் சோறு தின்னா நாலு பேரு என் மூஞ்சில துப்புவான்."

நாலு பேர் துப்பாமலிருக்க, அம்மா ஸ்கூடாயில் இருந்த அவனுடைய மாடி வீட்டுக்குப் போனார். மாடியில் மூன்று அறை இருந்தன. அம்மாவுக்குப் படிக்கட்டுக்கு அடியில் கட்டில் போட்டார்கள். தரை கூட்டும் மிஷினும் தீபாவளி விளக்குப் பெட்டியும் அதுவரை அங்கே இருந்தன.

"அத்தைக்கு மாடி ஏற முடியாது பாருங்க. இது அளவா இருக்கு" என்றாள் அண்ணி யோகேஸ்வரி.

அளவாகத்தான் இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் மட்டும் நெற்றி இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம் கஸ்தூரி அந்த நெற்றியைத்தான் முதலில் பார்ப்பாள். அம்மா முறையிட்டதே இல்லை. ஒரே ஒரு முறை, மேலே பிள்ளைகள் தடதடவென்று இறங்கி ஓடியபோது, சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் என் தலைமேல நடக்கிறாங்கடி."

அந்தக் கட்டிலிலேயே செத்துப் போனார். சுடுகாட்டில் அஸ்திச் செம்பைக் கையில் வாங்கியபோது கஸ்தூரி மனசுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டாள். இனிமேல் அம்மா யார் காலுக்கும் கீழே கிடக்கப் போவதில்லை.

அஸ்தியைக் கரைக்கும் வரை செம்பைத் தரையில் வைக்கக்கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார். யோகேஸ்வரி வீட்டுக்குள்ளேயே விடவில்லை. சிவப்புத் துணி கட்டிய பித்தளைச் செம்பு கார் நிறுத்துமிடத்தில், குடை மாட்டும் கொக்கியில் தொங்கியது.

ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும் என்பது திருச்செல்வத்தின் திட்டம். அவனுக்கும் மனைவிக்கும் தலைக்கு மேலே பெட்டி வைக்கும் உரிமையோடும் எடை போட்டு ஏற்றும் சாமானோடும் டிக்கெட் போட்டான். தங்கைக்கு இருப்பதிலேயே மலிவானது. காலடியில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான்.

"உனக்கு என்ன சாமான் இருக்கு? அம்மாவத் தூக்கிட்டு வரப்போற. அதுக்கு அது போதும் லா."

அதனால்தான் அவள் பையின் அடியில் விரல் விட்டுப் பார்த்தாள். விமானத்தில் அவள் ஏறியதில்லை. ஆனால் தொழிற்சாலை பஸ்ஸின் தரையை அவளுக்குத் தெரியும். எச்சில், செருப்பு மண், கொட்டிய காப்பி. அதே போல ஒரு தரையில் முன்சீட்டுக்காரன் காலைப் பின்னால் நீட்டுவான்.

கடைசியில் கெட்டியான சுவர் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்று பிடித்தது. கீழே நாலு சக்கரம். பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. செம்பு உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம்.

ஹாரூன் டேப்பைப் பிடித்தார். "சக்கரத்தையும் சேர்த்து அளக்கணுமாக்கா?"

"பையைத்தானே அளக்கச் சொல்லியிருக்காங்க. சக்கரம் எதுக்கு?"

பெட்டி மட்டும் அளவுக்குள் கச்சிதமாக அடங்கியது.

செனாய் விமான நிலையத்தில், ஏறப்போகும் வாசலில், சீருடை போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி கம்பிக் கூடு ஒன்றைக் காட்டினாள். பை அதற்குள் இறங்க வேண்டும். கஸ்தூரி இரண்டு கையாலும் தூக்கி மெல்ல இறக்கினாள். சக்கரத்தின் உயரம் மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றது.

"காக், தாக் போலே. ரோடா பூன் கிரா."

முடியாதாம், சக்கரமும் கணக்கில் சேருமாம். பணம் கட்டினால் விமானத்தின் வயிற்றில், சரக்கோடு போடுவார்களாம். இல்லையென்றால் உள்ளே இருப்பதை ஒரு பிளாஸ்டிக் பையில் மாற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் கடுமையாகச் சொல்லவில்லை. வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது.

"அலமாக்! அளந்து வாங்குன்னு சொன்னேனா இல்லையா?" என்றான் திருச்செல்வம். "தொழிற்சாலையில பெட்டிதானே கட்டுற? ஒரு பெட்டிய அளக்கத் தெரியல."

"அண்ணி பெட்டி மேலதானே போகும்? அதுல வைக்கலாம்ணே. காலியாத்தானே இருக்கு."

காலியாகத்தான் இருந்தது. மகள் கல்யாணத்துக்குத் திருச்சியில் பட்டு எடுத்து நிரப்பிக்கொண்டு வர வேண்டிய பெட்டி.

யோகேஸ்வரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கல்யாணப் பட்டு வைக்கிற பொட்டி கஸ்தூரி. தீட்ட அதுல வைக்கச் சொல்றியே, உனக்கு நல்லாருக்கா?"

கஸ்தூரி அண்ணனைப் பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"சரி சரி, கத்தாதீங்க ரெண்டு பேரும்" என்றான், யாரும் கத்தாதபோது. "முழுசா எதுக்கு? ஒரு புடி இருந்தா போதும். ஐயர் கேக்கவா போறாரு?" மனைவியின் கைப்பையிலிருந்து பற்பசையும் ஷாம்பூவும் போட்டிருந்த ஜிப் பையை எடுத்து, அவற்றைச் சட்டைப் பைக்கு மாற்றிவிட்டு, காலிப் பையை விரித்துப் பிடித்தான். "போடு. மிச்சத்த அந்தக் குப்பைத் தொட்டி ஓரமா வச்சிடு, கிளீனர் பாத்துக்குவான்."

கஸ்தூரி பெட்டியைக் கூட்டிலிருந்து தூக்கினாள்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே."

"டிக்கெட் காசு திரும்பி வராது, தெரியுமில்ல?"

அவள் பெட்டியோடு வரிசையை விட்டு வெளியே நடந்தாள். அவர்கள் ஏறினார்கள். பட்டு எடுக்க வேண்டுமே.

அதே வாரத்தில் குடும்ப வாட்சப் குழுவில் படம் வந்தது. ராமேஸ்வரக் கடல். ஈர வேட்டியில் திருச்செல்வம், கையில் துணி கட்டிய மண் கலயம். 'அம்மாவின் கடைசிப் பயணம் நல்லபடியா முடிஞ்சது.' கீழே கும்பிட்ட கைகள் வரிசை வரிசையாக. 'பெத்தா இப்படிப் புள்ளையப் பெக்கணும்' என்று மூவாரிலிருந்து சித்தப்பா காளியப்பன் எழுதியிருந்தார். 'கஸ்தூரி, நீ ஏன்மா போகல? பெத்த தாய்க்கு இதுகூடச் செய்யலியா?'

கஸ்தூரி கலயத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய ஜன்னல் கம்பியில் செம்பு தொங்கிக்கொண்டிருந்தது. பதில் எழுதத் தொடங்கி, அழித்தாள். எழுதினால் அண்ணன் முகத்தில் நாலு பேர் துப்பலாம். அம்மா அதற்காகத்தான் அத்தனை காலம் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மூவார் பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள்.

"இன்னொருத்தர் எங்க?" என்று கேட்டார் டிக்கெட் பார்த்த லெட்சுமணன்.

"வந்துட்டாங்க."

ஜன்னலோர இருக்கையில் செம்போடு பெட்டியை வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினாள். லெட்சுமணன் பெட்டியையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். செம்பனை மரங்கள் வழியெல்லாம் வந்தன.

மூவாரில் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் படகுக்காரர் ஒருவர் கூட்டிப்போனார். ஐயர் இல்லை, மகன் இல்லை, படம் எடுக்க ஆள் இல்லை. கஸ்தூரி துணியை அவிழ்த்து, செம்பைக் கவிழ்த்தாள். சாம்பல் படகோரத்தில் கொஞ்சம் சுற்றிவிட்டுப் போனது.

திரும்பும்போது ஒரே டிக்கெட். பஸ்ஸில் கூட்டம். காலிப் பெட்டியை முன்சீட்டுக்கு அடியில் வைத்தாள். சக்கரம் இடித்தது. குனியாமல், காலாலேயே ஓங்கி ஓர் உதை விட்டாள். உள்ளே போய்விட்டது.