பாத்துட்டேன், அனுப்பிடு

ஆய்வகத்தில் இருந்த பதினேழு வருஷமும் அவளுக்குக் ‘கறார்’ என்றுதான் பட்டப்பெயர். குடுவையை யார் கழுவி வைத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். ஒரு பொட்டுக் கறை தெரிந்தால் போச்சு, முதலிலிருந்து கழுவ வேண்டியதுதான். ரசாயன நெடி அவளோடு வீடுவரை வரும். “கிட்ட வராதே, எனக்கே மயக்கம் வருது” என்று கணவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். அவளுக்கு அந்த நெடி பிடித்திருந்தது.

அப்புறம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி இயக்குநர் நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். “ரெண்டே வருஷம்” என்று சொல்லிவிட்டுப் போனவளுக்கு ஒன்பது ஓடிவிட்டது. கமிட்டி, கமிட்டிக்கு மேல் ஒரு கமிட்டி, எந்நேரமும் மீட்டிங். ஆய்வகம் இரண்டு மாடி கீழேதான்; எட்டிப் பார்க்க நேரமில்லை. ஆனால் அங்கிருந்து போகிற கட்டுரை ஒவ்வொன்றிலும் அவள் பெயர் மட்டும் தவறாமல் இருக்கும். ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. பழகிப்போயிற்று.

அவளிடம் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி செய்த மாணவன் ஒருவன், புது மூலக்கூறு ஒன்றைச் செய்துவிட்டதாக வந்து நின்றான். அவனுடைய டாக்டர் பட்டம் அதை நம்பித்தான் இருந்தது. இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு, “பாத்துட்டேன், அனுப்பிடு” என்றாள். எங்கே பார்த்தாள்?

கட்டுரை அச்சாகி நாலாவது மாதம் வேறோர் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. மூலக்கூறின் அடையாளம் என்று வரைபடத்தில் அவன் காட்டியிருந்த இரண்டு மேடுகளும் வெறும் கிரீஸாம். குடுவைகளின் மூட்டு இறுகிக்கொள்ளாமல் இருக்கத் தடவுகிற அதே கிரீஸ். அவள் வரைபடத்தை விரித்தாள். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. இதே இரண்டு மேட்டுக்காக அந்தக் காலத்தில் எத்தனை பேரை வறுத்தெடுத்திருக்கிறாள்!

துணைவேந்தர் சுற்றி வளைக்கவில்லை. “கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம். யார் தப்புன்னு ஒரு வரி எழுதணும். உங்க பேர் அதுல வந்தா மொத்த யுனிவர்சிட்டிக்கும் தலைகுனிவு. யோசிச்சுக்கோங்க.”

யோசித்தாள் என்று சொன்னால் அது நாம் அவளுக்குக் காட்டுகிற மரியாதை. ‘மாணவரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவனுடைய ஐந்து வருஷ உழைப்பும் மண்ணாய்ப் போயிற்று.

அவள் கையெழுத்துப் போட்ட அந்த வாபஸ் கடிதத்தின் நகலோடு அவன் அவள் அறைக்கு வந்தான். சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“தப்பு என்னோடதுதான் மேடம். குடுவை மூட்டுல இருந்த கிரீஸைச் சரியாத் தொடைக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னிக்கு நிஜமாவே பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றால், கிரீஸைக்கூட அடையாளம் தெரியாதவள் ஆகிவிடுவாள். பார்க்கவில்லை என்றால், அவன் கையில் இருக்கிற கடிதம் பொய்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எனக்கு மீட்டிங் இருக்குப்பா.”

“சரிங்க மேடம்” என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அன்று மதியம் அவளுக்கு எந்த மீட்டிங்கும் கிடையாது.